கை கட்டப்பட்டவர்களுக்காகச் சாட்சி சொன்ன ஹவில்தார் ஜெயராமன்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் வேதநாயகி அம்மையார் அவர்களே, அல்சூர் முன்னாள் படைவீரர் சங்கத்துத் தோழர்களே, பொம்மசந்திராவிலிருந்து ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கும் ஜெயராமனின் சக ஊழியர்களே, எல்லோருக்கும் மேலாக, கணவர் ஜெயராமனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கை போன்ற சரளா அவர்களே! சுபேதார் லாயிட் ஆகிய நான் உங்கள் எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

இந்தக் கூட்டமே வேண்டாம் என்று நம் சங்கத்தில் சிலர் சொன்னார்கள். "போட்டோவுக்கு மாலை போட்டுட்டு அனுப்பிடலாம் குரு. மீட்டிங்னு வெச்சா அந்தக் கேஸ் பேச்சு வரும், பேஜாராயிடும்" என்றார் ஒருவர், நம் பெங்களூர்த் தமிழில். மாலை போடலாமாம்; அவர் செய்ததை மட்டும் பேசக் கூடாதாம்! பிறகு எதற்காக அந்த மாலை?

பேசத்தான் போகிறேன். அந்தச் சம்பவத்தைப் பற்றி நீதிமன்றத்தில் பதிவானதை மட்டும் பேசுகிறேன். அது நடந்த அன்று நான் வேறு முகாமில் இருந்தேன். விசாரணை நடந்தபோது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

வடகிழக்கில் ஒரு மலையடிவாரம். ஜெயராமன் சென்ற ரோந்துப் படைமீது பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். நாயக் ஹரிஷ்குமார் அங்கேயே விழுந்தார். நம் அல்சூர்ப் பிள்ளை. ஜெயராமனோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயராமன் உட்கார்ந்திருந்தார். சுட்டவர்கள் காட்டுக்குள் தப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் விறகு வெட்டிக்கொண்டிருந்த இருவரைப் பிடித்துக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் பெயர் தோம்பா. இன்னொருவர் அவருடைய மைத்துனர் இபுங்கோ.

அவர்களைச் சுடச் சொல்லி, ரோந்தை நடத்திச் சென்ற கேப்டன் ஜெயராமனுக்கு உத்தரவிட்டார். எப்படிப்பட்ட நேரத்தில்? சட்டையில் ஹரிஷின் ரத்தம் இன்னும் காயாத நேரத்தில்! ஜெயராமன் சொன்னது ஒரே வாக்கியம்: "கை கட்டினவங்களை நான் சுட மாட்டேன் சார்."

கேப்டனே சுட்டார். பிறகு இரண்டு உடல்களுக்குப் பக்கத்திலும் துப்பாக்கிகளை வைத்துப் படம் எடுத்தார்கள். 'மோதலில் இரு தீவிரவாதிகள் பலி' என்று செய்தி வந்தது. பெங்களூரில் நீங்களும் என் முகாமில் நானும் அதைப் படித்திருப்போம். படித்துவிட்டுக் காபியும் குடித்திருப்போம்.

மறுநாள் காலையில் ஜெயராமன் தம் கமாண்டிங் ஆபீசர் முன் போய் நின்று நடந்ததைச் சொன்னார். சொன்னதற்கு என்ன கிடைத்தது? இடமாற்றம் கிடைத்தது. சுபேதாராக வேண்டியவர் ஹவில்தாராகவே ஓய்வுபெற்று வந்தார். வந்து பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசரானார். அவர் விடவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களும் விடவில்லை. பல வருடங்கள் கழித்து அந்த வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்கு வந்தது.

தோழர்களே, எதிரியை எதிர்த்து நிற்பதற்கு நமக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தத் தெருவை எதிர்த்து நிற்பதற்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

அவர் சாட்சி சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும், ஹரிஷ்குமாரின் மனைவி ரமா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெருவே கூடிவிட்டது. "எம் புருஷன் செத்தான். அவனுக்காகத் துப்பாக்கி எடுத்த ஆபீசரை நீங்க ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஹரிஷ் இருந்திருந்தா அவனும் இதைத்தான்மா சொல்லியிருப்பான்" என்றார் ஜெயராமன்.

"செத்தவன் பேர்ல நீங்க பேசாதீங்க!"

அந்த வார்த்தை அவரைக் குத்திவிட்டது. "அந்தம்மா சொன்னது ரைட்டு சார். எனக்காக மட்டும்தான் நான் பேசணும்" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஹரிஷ் என்ன சொல்லியிருப்பான் என்று அவர் எங்கேயும் பேசியதில்லை. ரமாவும் அவரோடு பேசவில்லை.

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரைச் சும்மா விடவில்லை. "உன் நண்பன் மடியில் செத்துக் கிடக்கிறான். உனக்குக் கோபமே வரவில்லையா? நீயெல்லாம் ஒரு சிப்பாயா?" என்று கேட்டார்.

ஜெயராமன் சொன்னார்: "வந்துச்சு சார். அவங்க கையில துப்பாக்கி இருந்து எதிர்ல நின்னிருந்தா நானே சுட்டிருப்பேன். கையைக் கட்டினதுக்கப்புறம் அவங்க எங்க பொறுப்பு சார். எங்க பொறுப்புல இருந்தவங்களைத்தான் கொன்னுட்டோம்."

'கொன்னுட்டார்' என்று சொல்லவில்லை, 'கொன்னுட்டோம்' என்றார்! சுடாத மனிதர் சொன்ன வார்த்தை அது.

பின்வரிசையில் எழுந்து போகிற நண்பரே, போங்கள், நான் தடுக்கவில்லை. நீங்களும் சீருடை போட்டவர், உங்கள் வலி எனக்குத் தெரியும். ராணுவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று நினைக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சீருடைக்கு மரியாதை சேர்த்தது யார்? கை கட்டப்பட்டவர்களைச் சுட்டவரா, சுட மறுத்தவரா? பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசியுங்கள்.

ராணுவ நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நீதி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். போன மாதம், மேல்முறையீடு முடியும்வரை அந்தத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் வெளியே வந்துவிட்டார். நம் வட்டாரத்திலேயே சிலர் பட்டாசு வெடித்தார்கள். அந்தச் சத்தத்தை ஜெயராமன் தம் வீட்டில் உட்கார்ந்து கேட்டார். "டிவியை கொஞ்சம் சத்தமா வைன்னு மட்டும்தாண்ணா சொன்னாரு" என்றார் சரளா.

டெல்லியில் நடக்கும் மேல்முறையீட்டின் அடுத்த விசாரணைக்கு ஜெயராமன் போவதாக இருந்தார். அவருடைய சாட்சியம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டுப் போவார். தோம்பாவின் மனைவியும் இபுங்கோவின் அம்மாவும் அங்கே வருவார்கள். அவர்கள் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் போய் உட்காருவார், அவ்வளவுதான். இந்த முறை அவரால் போக முடியவில்லை. தொழிற்சாலை வாசலில், டூட்டியில் இருக்கும்போதே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவர் சொன்ன சாட்சியத்தை இனி யாராலும் மாற்ற முடியாது. மறக்கடிக்க முடியும்! செத்துப்போன ஒரு ஹவில்தார் எப்போதோ சொன்னது என்று ஒதுக்கிவைக்க முடியும். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. விடலாமா? நாம் விடலாமா?

நான் டெல்லிக்குப் போகிறேன். சங்கம் அனுமதித்தால் சங்கத்தின் பெயரில் போவேன். மறுத்தால், முப்பது வருடம் சீருடை போட்ட லாயிட்டாகப் போவேன். தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு விசாரணைக்கும் போய், அந்த இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் உட்காருவேன். இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு ரமாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இன்று மண்டபத்துக்குள் நுழையும்போது அவர் என்னை நிறுத்தினார். ஜெயராமனின் படத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் மன்னிச்சுட்டேன்னு மேடையில சொல்லிடாதீங்கண்ணா. எனக்கே இன்னும் தெரியல" என்றார்.

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

நகர்ந்து போனவர் திரும்பி வந்தார். "டெல்லிக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போடுங்க. அந்தப் பொம்பளைங்களை நான் பாக்கணும்."

ஹவில்தார் ஜெயராமன் அவர்களே! நிம்மதியாக உறங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் புறப்படுகிறோம்.