பின்சீட்டில் இடம் இருக்கிறது

"அலோ... அலோ, ரெனாட்டாவா? எங்கடி இருக்க? வான்கோழி வெந்து முடியப் போகுது, உங்கம்மா ஜன்னல விட்டு நகர மாட்டேங்கிறா... என்னது?... வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டியா?... ஆமா. ஆமா ஆமா, நான்தான் குப்பைத் தொட்டிங்கள வச்சு வழிய அடைச்சேன். யாருக்கா? உனக்குத்தான்டி! வேற யாருக்கு?"

காசிமிர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அமெரிக்காவின் மிச்சிகனில், ஆற்றோரத்து வயண்டாட் ஊரில் அவர் வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. கராஜ் கதவில் ஒரு தகரப் பலகை தொங்கும்: 'அந்நிய வண்டி நின்றால் இழுத்துப் போடப்படும்.' தொழிற்சங்க அலுவலக வாசலில் இருக்கும் அதே வாசகம். வாழ்நாளெல்லாம் ஒரே கார் கம்பெனியில் கதவு மாட்டி ஓய்வு பெற்ற மனிதர், வேறெப்படி இருப்பார்? அவருடைய ஒரே மகள் ஜப்பான் கம்பெனியின் நாலு கதவு செடான் ஒன்றை வாங்கியிருக்கிறாள். போன வாரம் அவர் மனைவி பெர்னடின் வாய் தவறி உளறியதில் விஷயம் வெளியே வந்தது. இன்று தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாள் விருந்துக்கு அதே காரில் ஒஹாயோவிலிருந்து வந்திருக்கிறாள், கைக்குழந்தை மைலோவோடு.

"சும்மா கார்தானேவா? யார்கிட்ட சொல்ற? நீ தின்ன ரொட்டி, உன் பல்லுக்குப் போட்ட கம்பி, உன் காலேஜு, எல்லாம் நம்ம கம்பெனி வண்டி வித்த காசு... இரு, நான் பேசி முடிக்கிறேன்... ஒஹாயோல செஞ்சதா இருந்தா என்ன? பேரு யாரு பேரு?... யாரு மாட்டின கதவு?... உம் புருஷனா! அவரு கையாலேயா! ஆகா, ரொம்ப சந்தோஷம். சங்கமே இல்லாத தொழிற்சாலைல வேல பாக்குறான், அத வேற பெருமையா சொல்றியா? ...மரியாதையாத்தான்டி பேசுறேன். இதுக்கு மேல மரியாதை எங்கிட்ட இல்ல."

எதிர்வீட்டில் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்த லெஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். சங்கத்தில் செயலாளராக இருந்தவர். காசிமிர் கை ஆட்டிச் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேளு. குறுக்க பேசாமக் கேளு. உனக்கு ஒரு கார் வாங்கியிருக்கேன்... நெசமாத்தான். ரிட்டயர் ஆனவங்களுக்கு கம்பெனி குடும்பத் தள்ளுபடி தருதில்ல, அதுல. வாசல்ல நிக்குது. சிவப்பு... எட்டு சிலிண்டர். உறுமுனா தெருவே எந்திரிச்சு நிக்கும்... ரெண்டு கதவு... ஏன் சிரிக்கிற? ஏன்டி சிரிக்கிற?... செடான் எங்க போய் வாங்குறது? நம்ம கம்பெனி செடான் போடுறதையே நிறுத்திட்டானே! நான் என்ன சமையக்கட்டுல செஞ்சா தருவேன்? டிரக்கு இருக்கு, ஏணி வச்சு ஏறணும். மிச்சம் வேகத்துக்குன்னே செஞ்ச இந்த மசில் கார் ஒண்ணுதான்... இதுவா? இது எங்க செஞ்சதுன்னா... கனடாதான். கனடா அந்நியமாடி? ஆத்தங்கரைல நின்னா தெரியுது, எதுத்த வீடு மாதிரி!"

ரெனாட்டா என்ன சொன்னாளோ, காசிமிரின் காது சிவந்துவிட்டது.

"சரி. முடிவாச் சொல்றேன். அந்த ஜப்பான்காரன கொண்டுபோய்த் திருப்பிக் குடு. இத எடுத்துக்க. ரெண்டுல ஒண்ணு. அதுல வந்தா இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது... புள்ளைய எங்க வைக்கிறதா? பின்சீட்டு எதுக்கு இருக்கு, துணி காயப்போடவா?... பொருந்தும். அதெல்லாம் நல்லாப் பொருந்தும்... பாக்குறேன்டி! நான் குழந்த சீட்டே வாங்கி வச்சிருக்கேன், தெரியுமா? லைன்லயே இரு. இப்பவே மாட்டிக் காட்டுறேன்."

சொன்னால் செய்கிற ஆள். கராஜிலிருந்து குழந்தை சீட்டை எடுத்து வந்தார். காரின் முன்சீட்டை மடக்கி, அதன் பின்னால் இருந்த சந்துக்குள் முதலில் தலையை நுழைத்தார், பிறகு வயிற்றை. கோடையில் ஆபரேஷன் செய்த முழங்கால் சரியாக மடங்காது. மைலோ பிறந்தபோது ஒஹாயோ போகாததற்கும் அந்தக் கால்தான் காரணம். மூன்று மாதமாகப் பேரனைப் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"உள்ள வந்துட்டேன்... தாராளமா இருக்கு. கால நீட்டலாம்... மூச்சு வாங்கல, மூக்கடைப்பு... பின்பக்கம் பாத்தா வைக்கணும்? புள்ளைக்கு ரோடு தெரிய வேண்டாமா?... சரி சரி, டாக்டர் சொன்னா சரி. திருப்பி வைக்கிறேன்."

திருப்பி வைத்தார். பாதி சீட்டு அந்தரத்தில் நின்றது. முன்சீட்டைக் கண்ணாடி வரை தள்ளினால் பொருந்தும், ஆனால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு பூனைதான் உட்கார முடியும். அழுத்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், பூர்வீகப் போலந்து மொழியில் திட்டிப் பார்த்தார். அந்தக் குலுக்கலில் மடக்கியிருந்த முன்சீட்டு டக்கென்று பழைய இடத்தில் வந்து விழுந்தது. முழங்கால் இடுக்கில் மாட்டிக்கொண்டது. குழந்தை சீட்டு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மடக்குகிற பிடி கதவுப் பக்கம் இருந்தது, அவர் கைக்கு எட்டவில்லை.

"...ஒண்ணுமில்ல. கதவுச் சத்தம்... பொருந்திருச்சு. சொன்னேன்ல? ஜம்முனு பொருந்திருச்சு... நான் ஏன் பொய் சொல்றேன்? ...பிடிவாதமா? எனக்கா? நீ பொறந்தப்ப நர்சே சொன்னா, இந்தப் புள்ளைக்கு அப்பன் மூக்கு, அப்பன் பிடிவாதம்னு! ...ஏய், பெர்னடின்! எங்க கெளம்பிட்ட?"

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் காகிதம் போர்த்திய பெரிய தட்டு. கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தட்டைச் சிவப்புக் காரின் பானெட்டில் வைத்துவிட்டு நிதானமாகப் பொத்தான் போட்டாள்.

"பெயின்ட்டு! பெயின்ட்டு, பெர்னடின்! அது சூடா இருக்கு! ...உன்ன இல்லடி, உங்கம்மாவ. வான்கோழிய எடுத்துக்கிட்டு எங்கயோ போறா... எனக்கென்ன தெரியும்? சர்ச்சுல ஏழைகளுக்குக் குடுக்கப் போறாளோ என்னவோ. நம்ம மேல கோவம் வந்தா அவளுக்கு சாமி ஞாபகம் வரும்... ஏன் பேச மாட்டேங்கிற? ரெனாட்டா?"

பெர்னடின் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். மூலையில் மேப்பிள் மரத்தடியில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. அதன் கதவு திறந்தது. பெர்னடின் குனியவே இல்லை, நெளியவே இல்லை. தட்டோடு அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"அலோ... யாரு? பெர்னடினா? அவ போன் உன் கைக்கு எப்படி வந்தது?... அதுலயா ஏறுன? அந்த வண்டிலயா? இத்தன வருஷம் எங்கூட சோறு தின்னுட்டு... நான் கத்தல! நீ முதல்ல எறங்கு... என்ன? ஒஹாயோவுக்கா? வான்கோழியோடயா?... என்ன சத்தம் அது?... அவனா?"

மைலோ அழுதுகொண்டிருந்தான். பேரனின் குரலைக் காசிமிர் கேட்பது இதுதான் முதல் தடவை. சின்னக் குரல்தான், ஆனால் என்ன ஆத்திரம்! தன் வீட்டுக் குரல் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனைத் தூக்க வேண்டும் என்று கை பரபரத்தது. அந்த நிமிடத்தில் ஜப்பானாவது ஒஹாயோவாவது, எதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"பசிக்குதா அவனுக்கு? ...ம். ...கேளு. ஒரே கேள்விதானே, கேளு... உண்மையச் சொன்னா எல்லாரும் உள்ள வந்துருவீங்களா?... வண்டி மூலையிலயே நிக்குமா?... அவ காரப் பத்தி வாயே தெறக்க மாட்டாளா? நல்லாக் கேட்டுச் சொல்லு... சரி. சரி, சரி, ஒத்துக்கிறேன். என்ன கேள்வி?... குழந்த சீட்டு பொருந்துச்சா இல்லையா... அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். 'இல்லை' என்றால் போதும். அவர் வாயைத் திறக்கும்போது ஜன்னலில் நிழல் விழுந்தது. இலை வாரும் கோலை ஊன்றிக்கொண்டு பழைய சங்கச் செயலாளர் லெஸ்டர் வந்து நின்றிருந்தார். புதுக் காரைப் பார்த்து முகமெல்லாம் பல். உள்ளே மடியில் குழந்தை சீட்டோடு மடங்கிக் கிடக்கும் நண்பரையும் பார்த்தார்.

"...லெஸ்டர், ஒரு நிமிஷம். போன்ல இருக்கேன். ...பெர்னடின், கேக்குதா? ...பொருந்துது. நல்லாப் பொருந்துது. இன்னொரு புள்ளைக்குக்கூட இடம் இருக்கு... ஆமா. ஆமா, அதான் என் பதில்... அலோ? ...பெர்னடின்? ...அலோ?"

சாம்பல் நிறக் கார் மரத்தடியிலிருந்து கிளம்பி, வேகம் குறைக்காமல் வீட்டைக் கடந்து, ஒஹாயோ சாலைப் பக்கம் திரும்பியது. லெஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் குனிந்து, சிவப்புக் காரின் பெயின்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.