பிளேடு வேறு, வாத்து வேறு

16 மார்ச் 2025, ஞாயிறு. சிதம்பரம்.

இன்றைய மாதிரித் தேர்வில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். பரப்பு இழுவிசையின் அலகு நியூட்டன்/மீட்டர். நான் நியூட்டன்/சதுர மீட்டர் என்று குறித்தேன். அது அழுத்தத்தின் அலகு. விடை தெரியாமல் இல்லை. குறிக்கும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அருண்பாண்டியனின் இருக்கை. இரண்டு வாரமாகக் காலியாக இருக்கிறது.

அது ஏன் காலியானது என்பதை வரிசையாக எழுதினால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். இப்போது நிற்பதில்லை. அறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது.

பகலில் எனக்குக் கடலூர் முதுநகரில் வேலை. சிறிய யூனிட். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் சோப் ஆயில் தயாரித்து, கேனில் அடைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். மாலையில் சிதம்பரத்தில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு. அருண்பாண்டியன் அங்கே பழக்கமானவன். அவன் அப்பா கொளஞ்சி மாமா வாத்து மேய்ப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட வாத்துகளை ஓட்டிப்போய் மேயவிட்டு, முட்டை விற்பார். அந்த வீட்டில் சாப்பாடும் படிப்பும் அந்த முட்டையில்தான் நடந்தன.

பொங்கல் முடிந்த வாரத்தில் பாலகுமார் சார் வகுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதன்மேல் சவர பிளேடு ஒன்றைப் படுக்கவைத்தார். மிதந்தது. எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு, மூழ்கத்தான் வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் அதைத் தாங்குகிறது என்றார். பிறகு ஒரு சொட்டு சோப் ஆயில் விட்டார். நான் கொண்டுபோனதுதான். பிளேடு உடனே உள்ளே போய்விட்டது.

நான் எழுந்தேன். "சார், தண்ணியில சோப்பு இருந்தா வாத்தும் முழுவுமா?"

வகுப்பே சிரித்தது. "மச்சான், உங் கம்பெனி சோப்பப் போட்டா வாத்து என்னா, கப்பலே முழுவிடும்டா" என்றான் அருண்பாண்டியன்.

"பிளேடு வேற, வாத்து வேற" என்றார் சார். "வாத்துக்கு அடர்த்தி கம்மி. அதனால மெதக்குது. கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேளுப்பா."

அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் சோப்பு. அதற்காக நான் கோபப்படவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருந்தது சந்தேகம் மட்டும். நான் கேட்டது முட்டாள்தனமாகவே இருந்திருக்கலாம். ஆனால் வாத்தின் அடர்த்தி ஏன் குறைவு? இறகுகளுக்கு நடுவே காற்று தங்கியிருப்பதால். காற்று ஏன் தங்குகிறது? இறகில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பரப்பு இழுவிசை இருப்பதால் தண்ணீரும் அந்த இடுக்குகளில் நுழைவதில்லை. சோப் ஆயில் இரண்டையும் கெடுக்கும். காற்று வெளியேறினால் அடர்த்தி கூடும். அப்படியானால் பிளேடும் வாத்தும் அவ்வளவு வேறல்ல. பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் இதே யோசனையாக இருந்தது.

முறைப்படிதான் தொடங்கினேன். முதலில் இறகு. கொளஞ்சி மாமாவிடம் போய்க் கேட்டேன்.

"எறகு எதுக்கு சோப்பு மாப்ள? காது கொடையவா?" என்று சிரித்தார். அந்தப் பெயரை மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான். ஒரு கை இறகோடு நாலு முட்டையும் கொடுத்து, "ஆம்லெட் போட்டுத் தின்னு. ஒடம்பப் பாரு, எறகு மாரி இருக்குற" என்றார்.

நல்ல தண்ணீரில் இறகு நனையாமல் மிதந்தது. சோப் ஆயில் கலந்த தண்ணீரில் துணிபோல் நனைந்து மெல்லக் கீழே போனது. ஆனால் இறகு வாத்து ஆகாது. ஒரே ஒரு வாத்தை வைத்துப் பார்த்தாலும், அது சீக்கு வாத்து என்று யாராவது சொல்லிவிடலாம். கூட்டமாகப் பார்த்தால்தான் முடிவுக்கு மதிப்பு.

வாத்துகள் மத்தியானம் இறங்கும் இடம் எனக்குத் தெரியும். புவனகிரிப் பக்கம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். அகலம் குறைவு, ஆழம் அதிகம். ஒரு பக்கம் சரிவு. மற்ற மூன்று பக்கமும் சுவர்போல் களிமண். மார்ச் முதல் ஞாயிறன்று அருண்பாண்டியன் அம்மாவோடு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். மாமா தனியாக இருப்பார். வாத்துகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போவார். நான் முன்னதாகவே போய்விட்டேன். டிவிஎஸ்ஸில் இரண்டு பெரிய கேன் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் கலப்பதற்கு முந்தைய சரக்கு. வாசனையும் நிறமும் சேர்க்காதது. பள்ளத்தைச் சுற்றி வந்து, கரையோரமாகவே ஊற்றினேன். பிறகு கருவேல மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வாத்துகள் வழக்கம்போல் இறங்கின. மாமா டீக்கடைக்குப் போனார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. என் கணக்கு தவறு என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு முதுகுகள் நனையத் தொடங்கின. வாத்தின் முதுகில் தண்ணீர் உருண்டு ஓடும், அன்று ஒட்டிக்கொண்டது. வால் முதலில் இறங்கியது, பிறகு நெஞ்சு. கொஞ்ச நேரத்தில் பள்ளம் முழுக்கக் கழுத்துகள் மட்டும் தெரிந்தன. சில சரிவில் ஏறி நின்று நடுங்கின. பல ஏற முடியாமல் சறுக்கின. சத்தம் மிக அதிகமாக இருந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் மாமா ஓடி வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அகப்பட்டதையெல்லாம் தூக்கிக் கரையில் எறிந்தார். மேலும் உள்ளே போனார். நடுவில் பொக்லைன் தோண்டிய ஆழம். அவருக்கு நீச்சல் தெரியும். சுவர்ப் பக்கமாக ஒதுங்கினார். ஆனால் களிமண் அவரை ஏறவிடவில்லை. பிடித்தார், சறுக்கினார், மறுபடி பிடித்தார். அப்போதுதான் மேலே மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"சோப்பு மாப்ள... நல்ல வேள வந்த. கை குடுப்பா."

கை கொடுத்திருந்தால் நானும் சறுக்கி விழுந்திருப்பேன். யோசித்துப் பார்த்தால் இது சரிதான் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மல்லாந்து படுங்க மாமா. மூச்ச இழுத்துப் புடிங்க. மெதப்பீங்க." மனித உடலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியதுதான், நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் மிதக்கும். அவர் கேட்கவில்லை. கையை மேலே நீட்டிக்கொண்டே இருந்தார். கை தண்ணீருக்கு வெளியே இருந்தால் உடல் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். அதையும் சொன்னேன்.

பறவைக் காய்ச்சலாக இருக்கும் என்று பயந்து, அன்று மாலையே செத்த வாத்துகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். கரையில் கிடந்த நுரையைப் பாசி அழுகிய நுரை என்றார்கள். வாத்தைக் காப்பாற்றப் போய் வழுக்கி விழுந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அது பொய்யும் அல்ல.

அருண்பாண்டியன் என்னிடம் மட்டும்தான் பேசுகிறான். "நா கல்யாணத்துக்குப் போவாம இருந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு மச்சான். நாந்தான் அவர சாவ வுட்டுட்டேன்."

"அப்டிலாம் சொல்லாதடா" என்றேன்.

"வேற யாரு? நீயே சொல்லு."

அவன் இனிமேல் வகுப்புக்கு வரப்போவதில்லையாம். அதே சூளையில் கல் அறுக்கச் சேரப்போகிறானாம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். எப்போது சொல்வது என்று தெரியவில்லை. தேர்வு முடியட்டும் என்று இருக்கிறேன்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. காலி கேன்கள் இரண்டும் என் காலடியில் இருந்தன. மூடி போட்ட காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் ஓர் ஆள் மூழ்க மாட்டான். ஒன்றைத் தூக்கிப் போட்டிருந்தால் போதும். அவர் கை நீட்டியபோதே இது எனக்குத் தெரியும். கேனில் எங்கள் யூனிட்டின் பெயர் அச்சிட்டிருந்தது. நான் இரண்டையும் இறுக்கி மூடி, வண்டிக்கு எடுத்துப்போய்க் கயிறு போட்டுக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். கட்டி முடித்தபோது பின்னால் சத்தம் எதுவும் இல்லை.

மற்றபடி சோதனை சரியாகவே வந்தது. அதை சாரிடம் சொல்ல முடியாததுதான் என்னை அலைக்கழிக்கிறது என்று நினைக்கிறேன்.

நாளை மாமாவுக்குக் கருமாதி. முதல் பஸ்ஸில் புவனகிரி போக வேண்டும். வகுப்பை விட்டுவிடாதே என்று அருண்பாண்டியனிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு, அடர்த்திப் பாடத்தை மட்டும் அவனுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்; அதில் அவன் கொஞ்சம் பலவீனம்.