கூடத்து அந்தூரியம்

அந்தூரியத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். வினோதாவைப் பற்றி விசாரிக்கத்தான் தென்காசியிலிருந்து இந்த உத்தனப்பள்ளிவரை வந்திருக்கிறீர்கள். உங்கள் மகனுக்கு அவளைப் பேசியிருக்கிறது. காதில் விழுந்த ஒரு பேச்சு உங்களை உறுத்துகிறது. அது புரிய வேண்டுமானால் செடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் முப்பது வருடமாக ரோஜா போடுகிறோம். இந்த வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு யாரோ அந்தூரியத் தொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கூடத்து மூலையில் வைத்து, ரோஜாவுக்குச் செய்வதையே அதற்கும் செய்தேன். இரண்டு வேளையும் தண்ணீர், வாரம் ஒரு பிடி உரம். இலை மஞ்சளடித்துத் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. என் கொழுந்தன் கோவிந்தன் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி பூ ஏரோப்பிளேன் ஏறிப் போவுது, நடு ஊட்டுச் செடிக்கு மட்டும் எழவு ஊடு" என்று சிரிப்பார். எனக்கு மானம் போகும்.

அந்த ஆடி மாதத்தில்தான் என் மகன் மணிகண்டன் வினோதாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனி. அவள் உங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நல்ல பெண். ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. முடியாது என்று சொன்னால் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விடுவான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் குரல் உயர்த்துகிறவள் இல்லை. கோவிந்தனையும் பங்காளிகளையும் வைத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னேன். "பூ வியாபாரக் குடும்பத்துக்கு வர்ற பொண்ணுக்குக் கைராசி வேணும். தை பொறக்கறதுக்குள்ள இந்தச் செடி ஒரு பூ பூக்கட்டும். மறுநாளே தாம்பூலம் மாத்திக்கலாம்."

பதினைந்து நாளில் செடி செத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வினோதா தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "எத்தே, இதக் கொளத்துலயா போட்டு வச்சிருந்திய?" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சொல்லித்தராமலே என்னை அத்தை என்றாள் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்தாள். அழுகிய வேரை வெட்டினாள். மண்ணைக் கொட்டிவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு நட்டாள். வெயில் நேராகப் படாத வடக்கு ஜன்னலுக்கு மாற்றினாள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர் பிடித்து வைத்து வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றுங்கள் என்றாள். ஈரத் துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டே ஃபாக்டரிக் கதையெல்லாம் சொல்வாள். அவளுக்கென்று ஞாயிறுதோறும் ராகிக் களியும் கோழிக் குழம்பும் செய்ய ஆரம்பித்தேன். களியைக் கடித்துச் சாப்பிட்டாள். "முழுங்கணும்மா, அது முறுக்கு இல்ல" என்று நான் சொல்ல, மணிகண்டன் புரையேறும்வரை சிரித்தான். அந்த நாலைந்து மாதம் இந்த வீடு இருந்த கலகலப்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

செடி தழைத்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

ரோஜாவில் மொட்டுக் கிள்ளுவது எங்கள் தினப்படி வேலை. நடு மொட்டு பெரிதாக வர வேண்டும் என்றால் பக்கத்து மொட்டுகளை மிளகளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதில் பாவ புண்ணியம் பார்க்க முடியாது. அந்தூரியத்தில் மொட்டும் புது இலையும் முதலில் ஒன்றுபோலத்தான் சுருண்டு வரும். தொட்டால் மொட்டுக்குள் ஒரு தடிப்பு தெரியும். எல்லாருக்கும் தெரியாது. என் விரலுக்குத் தெரியும். நான் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறவள். அவளோ ஞாயிறன்றுதான் வருவாள்.

ஒரு தடவை காம்பில் இருந்த வெட்டைப் பார்த்துவிட்டாள். "எத்தே, எலி கடிச்சிருக்கோ?"

"இருக்கும்மா" என்றேன். அவள் மனம் சமாதானமாகட்டும் என்று எலிப்பொறி வாங்கி வைத்தேன். ஒரு எலி மாட்டவும் செய்தது. பொறியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எலியைத் திட்டிய திட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தை பிறந்தது. பூ இல்லை.

பங்காளிகள் கூடினார்கள். கோவிந்தன் செடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இந்தப் பொண்ணு கைக்கு எல தழைக்குது, பூ தங்கல" என்றார். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்தது செடியை இல்லை. அதை நான் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வாயே திறக்கவில்லை.

மணிகண்டன் குதித்தான். "போம்மா, நீயும் உன் செடியும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள்தான் நகரவில்லை. "எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன் எத்தே. எங்கன்னுதான் தெரியல" என்றாள். பிறகு அவளே அவனை வேண்டாம் என்றுவிட்டாள். நாளைக்குப் பிள்ளை தங்காமல் போனால் அவன் என்ன ஆவான் என்று கேட்டாளாம். அவன் புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொங்கலுக்கும் வருவதில்லை. சரியாகிவிடுவான்.

அவள் போன அடுத்த மாதமே செடி பூத்தது. நான் கிள்ளுவதை நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். ஊர் அதையும் சேர்த்துக்கொண்டது. அவள் கை விலகியதும் பூத்துவிட்டது பார் என்றார்கள். ஹாஸ்டல் பெண்கள் வாய்வழியாக அது தென்காசிவரை வரும் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய சொந்தத் தங்கச்சியின் வளைகாப்பிலேயே அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அதோ ஜன்னலோரம் மூன்று சிவப்புப் பூக்களோடு நிற்கிறதே, அந்தச் செடிதான். அவள் சொன்னபடிதான் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஆகையால் உங்கள் சந்தேகத்துக்குப் பதில் இதுதான். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. நான்கு மொட்டு வந்தது. நான்கையும் இந்த விரலால் நான்தான் கிள்ளினேன். பெண்ணைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவளைப்போல ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் முன்னால் வந்து இதைச் சொல்லச் சொல்கிறீர்கள். அது முடியாது. கோவிந்தனை வைத்துக்கொண்டு கேட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்வேன். கொடுத்த வார்த்தையை மீறியவர்கள் என்று எங்கள் குடும்பத்தை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.