பரிதிக்கு ஒரு மகள்

படம் பார்க்கப் போகிறவனிடம் முடிவைச் சொல்லிவிடுகிற ஆட்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. டீக்கடையில் ஒருவர் அப்படி ஆரம்பித்தால், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். யூகிப்பது வேறு, சொல்லிவிடுவது வேறு. பேப்பரும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி, மேடம். நீங்கள் கேட்கக் கேட்க ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருந்தால் முன்னது பின்னதாகிப் போயிருக்கும். எனக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும்.

என் பெயர் வேல்குமார். வயது முப்பத்தொன்பது. பல்லடம் ரோட்டில் ரத்தினசாமி அண்ணனுடைய பிரிண்டிங் யூனிட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பனியனில் படம் அச்சடிப்பதுதான் எங்கள் தொழில். கடைசி ஆறு வருடம் நான் இன்சார்ஜ். வேலை போக மீதி நேரமெல்லாம் ஏஜென்ட் பரிதிக்குத்தான். அவன் படங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு சேனல் நடத்துகிறேன். இந்தப் புரட்டாசி வரை அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள்.

பரிதியைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடத்தில் எட்டுப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் உளவுத்துறைக்குள்ளேயே ஒரு துரோகி இருப்பான். அவனை நாங்கள் மோல் என்போம். படம் வருவதற்கு முன்பே, ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மோல் யாரென்று கண்டுபிடிப்பதுதான் ரசிகர்களின் விளையாட்டு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் வந்து, யாரிடமும் அதிகம் பேசாமல், டீ கிளாஸை வைத்துவிட்டுப் போகிறவரைக் கவனிக்க வேண்டும். ஐந்து படங்களில் அவர்தான் மோல்.

எட்டாவது படம் பரிதி கப்பலோடு மூழ்குவதில் முடிந்தது. உடலைக் காட்டவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடமாக ஒரே சண்டை. பரிதி செத்துவிட்டான், ஒன்பதாவது படத்தில் வேறு ஏஜென்ட் வருவான் என்று பெரிய சேனல்கள் எல்லாம் சொல்லின. நான் மட்டும் பரிதி உயிரோடிருக்கிறான் என்றேன். அவனுக்கு ஒரு மகளும் இருக்கிறாள் என்றேன். ஆறாவது படத்தில் அவன் பொம்மைக் கடை வாசலில் நான்கு விநாடி நிற்பான். யாரும் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதற்காக எனக்கு ‘பனியன் ஜோசியர்’ என்று பெயர் வைத்தார்கள். கிளி படத்துக்கு என் முகத்தை ஒட்டிச் சுற்றவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருடமும் அந்தக் கோபத்தோடுதான் தூங்கினேன்.

இந்தப் புரட்டாசியில் எங்கள் யூனிட்டுக்கு ஓர் ஆர்டர் வந்தது. பொங்கலுக்குப் படம் வரும்போது விற்பதற்கான பனியன்கள். டிசைனை கம்ப்யூட்டரில் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நரைத்த தாடியோடு பரிதி. அவன் தோளில் எட்டு வயதுச் சிறுமி.

இந்த மாதிரி ஆர்டருக்குக் கட்டுப்பாடு அதிகம். எல்லோரும் போனைக் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எனக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் விலக்கு உண்டு, அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதால். நிறம் சரியாக வராத சாம்பிளை இரண்டாக வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட வேண்டும். முதல் நாள் சாம்பிளில் பரிதியின் தாடி சாம்பல் நிறத்துக்குப் பதில் நீலமடித்தது. நானே கத்தரியால் வெட்டினேன்.

அந்த வாரம் புதன்கிழமை, ஒரு புதிய கணக்கிலிருந்து அந்த சாம்பிளின் போட்டோ வெளியே வந்தது. வியாழக்கிழமை விடிவதற்குள் ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. என் சேனலுக்கு ஒரே நாளில் முப்பதாயிரம் பேர் புதிதாக வந்தார்கள். கிளி படம் போட்டவர்களே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அன்றைக்கு நான் இரண்டு வேளையும் சாப்பிடவில்லை, பசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். தாடி நீலமாக இருப்பதையும், படத்தின் நடுவே வெட்டுக்கோடு ஓடுவதையும் காட்டி, இது உங்கள் வேஸ்ட்டிலிருந்து போனதுதான் என்றார். ரத்தினசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வேலு, பத்து நாள் டைம் குடுத்திருக்காங்க. ஆளைக் காட்டலைன்னா கேஸு, ஆர்டரும் போச்சு. எனக்கு உன்னைய விட்டா யாரப்பா இருக்கறா?”

அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். அவரை நான் ஏமாற்றியதாக நீங்கள் நினைக்கக் கூடாது. ஆளைக் காட்டுவதாகச் சொன்னேன், காட்டினேன்.

எங்கள் யூனிட்டில் செக்கிங் பெண்கள் வெள்ளை வேஸ்ட் துணியை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். அச்சு விழாத துண்டுகளை மட்டும், இன்சார்ஜ் பார்த்துக் கட்டிக் கொடுப்பார். அடுப்படியில் துடைக்க, வண்டி துடைக்க, தலையணைக்குள் அடைக்க. சித்ரகலா கால்மிதிக்காகக் கேட்பாள். கொமரலிங்கத்திலிருந்து வந்த பெண், இருபத்து நான்கு வயது. அவளும் அம்மா பழனாத்தாளும் வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். அம்மா கால்மிதி தைப்பார், மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு விற்பாள். யூனிட்டில் அவள் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. மசாலா டீ வாங்கப் போனால் என் மேசையிலும் ஒரு கிளாஸ் வைத்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை அவளுக்கு நான்தான் வேஸ்ட் கட்டிக் கொடுத்தேன்.

அதற்குள் ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பொங்கலுக்கு தியேட்டரில் பார்த்துக் கத்த வேண்டிய காட்சியை எவனோ பனியன் துண்டில் காட்டிவிட்டான் என்ற ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான். என்னிடமே கேட்டார்கள்: பனியன் ஊர்க்காரர் நீங்கள், மோல் யாரென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வீடியோ போட்டேன். யார் பெயரையும் சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மோல் ஒரு பெண், அதிகம் பேசாதவள், டீ வைத்துவிட்டுப் போகிறவள் என்றேன். அவள் எடுத்துப்போகிற துணியை நீங்கள் காலால் மிதிக்கிறீர்கள் என்றேன். மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பல்லடத்தில் நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிற ரசிகன் முனீஸ், சாத்தூர்ப் பக்கத்து ஆள், மறுநாள் மத்தியானத்துக்குள் சித்ரகலாவின் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போட்ட கால்மிதி ஒன்றின் ஓரத்தில் நீலத் தாடி இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அதை வட்டம் போட்டு அவன் வெளியிட்டபோது, ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் கமெண்ட். எப்படிப்பட்ட கமெண்ட் என்று உங்களிடம் பிரிண்ட் எடுத்தது இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. ரசிகர்களின் கருத்தை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை முன் கேட்டில் ஏழெட்டுப் பேர் வண்டியோடு நின்றார்கள். அவளை ஆள் வைத்துத்தான் கம்பெனி வேனில் ஏற்ற வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்ரகலா என் மேசைக்கு வந்தாள். சாப்பாட்டு டப்பா கையில் அப்படியே இருந்தது, திறக்கவில்லை.

“அண்ணா, எனக்கு அந்தப் படமே தெரியாதுங்க. ஒண்ணு கூடப் பாத்ததில்லீங்க. அந்தத் துணி எப்படி எங்கூட்டுக்கு வந்துச்சுன்னே தெரியலீங்கண்ணா.”

நான் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

“எம்போனு பொட்டியிலதானுங்களே கெடக்குது, நா எப்படிங்க போட்டோ எடுக்கறது? உள்ள போனு வெச்சிருக்கறது நீங்களும் மெக்கானிக்கண்ணனுந்தானுங்களே. நீங்க பாத்துத்தானுங்களே வேஸ்ட்டு கட்டிக் குடுக்கறீங்க. ஓனர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாருங்கண்ணா.”

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொன்னாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த வரிசை சரியாக இருந்தது. இன்னும் ஒரு வாக்கியம் அவள் யோசித்திருந்தால் போதும். அழுகை நின்றதும் யோசித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

“நான் பேசறேன் அம்மிணி” என்றேன். “இன்னிக்கு ஒரு ஷிப்ட்டோட போயிரு. ஒன்றரை ஷிப்ட் வேண்டாம். முன்கேட்டுல அவனுக நிக்கறானுக. பின்கேட்டு வழியா போயி ரோட்டுல பஸ் ஏறிக்கோ.”

எங்கள் ஊர் வேலை நேரம் உங்களுக்குத் தெரியும். கம்பெனி வேன் ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்குத்தான் கிளம்பும். ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட்டோடு போகிறவர்கள் தாங்களாகவே போய்க்கொள்ள வேண்டும். தனியாகத்தான் போவார்கள்.

“ரொம்ப நன்றிங்கண்ணா” என்றாள்.

அவள் போன பிறகு சேனலில் ஒரு வரி போட்டேன்: ‘மூன்றாம் பாகத்தில் மோல் எந்த வாசல் வழியே தப்பினான், எத்தனை மணிக்கு? நினைவிருக்கிறதா?’ அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். பின்வாசல், ஐந்தே முக்கால்.

பயந்து ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போனவள்மேல் பழி தானாக உட்கார்ந்துகொள்ளும். கொமரலிங்கத்தில் ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், தென்னந்தோப்பில் வேலை இருக்கும், நன்றாக இருந்திருப்பாள். பதினொரு வண்டிகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ‘மோல், மோல்’ என்று கத்தினார்களாம். அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினாள். மூடிய முகத்தோடு ஓடினால் எது வருகிறது என்று தெரியாது. பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்கள் எப்படி வரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எத்தனை பஸ் போகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நேரத்தை மாற்றியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அச்சு காய்கிற சூட்டில் ஓடிக்கொண்டிருந்த துண்டுகள் கருகாமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பழனாத்தாள் யூனிட்டுக்கு வந்தார். பெட்டியில் கிடந்த மகளின் சார்ஜரையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிப்போக வந்தார். நானே எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியும் போட்டேன், உட்காரவில்லை.

“ஏனுங்க தம்பி” என்றார். “அந்தத் துணிதான் எம்புள்ளயக் கொன்னுச்சுங்கறாங்க. பூவு, படம் போட்ட துண்டு எதுவும் அவ கொண்டாரவே மாட்டாளுங்களே. அத யாருங்க அவ பையில வெச்சது?”

தொண்ணூறாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. படிக்காத அம்மா, படம் பார்க்காத அம்மா, நேராக அங்கே வந்து நின்றார். உண்மையைச் சொன்னால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. “அழாதீங்கம்மா” என்று சொல்லி, ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

நான்தான் வைத்தேன். வெட்டிய இரண்டு துண்டுகளையும் மேசையில் சேர்த்து வைத்து, என் போனில் போட்டோ எடுத்து, புதிய கணக்கு தொடங்கிப் போட்டதும் நான்தான். வெட்டாத சாம்பிளையே எடுத்திருக்கலாம், ஆனால் வெட்டியதை எடுத்தால் சந்தேகம் வேஸ்ட் மூட்டைக்குப் போகும். சனிக்கிழமை வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவில் அதை மடித்து வைத்தபோது, அவள் என் மேசைக்கு டீ கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். பொங்கல் வரை பொறுத்திருந்தால் எல்லோருக்கும் தானாகவே தெரிந்திருக்கும் என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். பொங்கலன்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, முதலில் சொன்னவன் யாரென்று எவருக்கு நினைவிருக்கும்?

நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை, மேடம். நானாகத்தான் வந்தேன். மனசாட்சி என்று ரைட்டரிடம் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை. அவள் செத்த அன்று சாயங்காலமே முனீஸ் ஒரு வீடியோ போட்டிருந்தான், பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் நின்றுகொண்டு, பின்னால் ஆம்புலன்ஸ் தெரிய, “மொத மொத கண்டுபிடிச்சது நாந்தாம்ணே, எல்லாம் என் மூளைதான்” என்றான். பேப்பர்களிலும் அவன்தான் எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவன் என்று எழுதிவிட்டார்கள். அவனுக்கு ஒரு வட்டம் போடத் தெரியும், அவ்வளவுதான்.

சித்ரகலா ஒரு தவறும் செய்யவில்லை. அவள் சாவுக்கு நானே காரணம். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன். இதோடு ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம், கோர்ட்டில் வாசிக்கும்போது விட்டுவிடக் கூடாது: பரிதி உயிரோடிருக்கிறான், அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே, எல்லோருக்கும் முன்னால், எந்தப் போட்டோவும் பார்க்காமல் சொன்னவன் நான்.