புழு வராத தண்ணீர்

அறுபதுகளில் ஒரு காலை, எங்கள் தீவில் சிப்பிகாட்டிலிருந்து அபர்டீன் பஜாருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க டிரம்முல ரெண்டு மாசமா மழைத்தண்ணி நிக்குதுக்கா. ஒரு கொசுப்புழு வரணுமே!" என்றாள் சின்னவள்.

"என் தொட்டியில ஒரு வாரத்துலயே நெளியுது. உன் டிரம்முக்கு மட்டும் சாமி காவலா?"

"டிரம்மு அப்படி! மலேரியாக்காரங்க சுவத்துக்கு மருந்து அடிச்சுட்டு, காலி டிரம்மைப் போட்டுட்டுப் போனாங்க. இந்தத் தீவுல டிரம் லேசுல கிடைக்குதா? எல்லாம் மெயின்லேண்டுக் கப்பல்ல வரணும். அவரு உருட்டிட்டு வந்து தகரக் கூரைக்குக் கீழ வச்சுட்டாரு."

பெரியவள் சட்டென்று திரும்பினாள். "அரே, அது பூச்சி மருந்துடி! கழுவினியா?"

"மூணு தடவை, சாம்பல் போட்டுத் தேச்சேன். வாடை இன்னும் லேசா இருக்கு. அதான் காய்ச்சிக் குடிக்கிறோம்."

"காய்ச்சினா விஷம் போயிடுமா? புழுவே பிழைக்காத தண்ணிடி அது! பிள்ளைக்கு என்ன குடுக்குற?"

"பால் பவுடர். அதையும் அதுலதான்..." சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, எங்க மாமியார் இப்ப கலக்குற நேரம்!"

"ரோகோ பாயி, ரோகோ!" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். புரோத்ராபூரில் பஸ் நிற்கும் முன்பே குதித்து, வந்த வழியே ஓடினாள்.

பஸ் மறுபடி கிளம்பியது. பெரியவள் வயிற்றில் கை வைத்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"காலையில அவ வீட்டுலதானே ரெண்டு டம்ளர் டீ குடிச்சேன்."