பீப்பாவுக்குள் உருண்ட போசிலின்

"எங்கடை பற்பொடியாலை பல்லுத் தீட்டின சனமெல்லாம் வாய் எரியுதெண்டு கிணத்தடிக்கு ஓடிச்சுது, அண்ணை."

திருநெல்வேலிக் கூட்டுறவுச் சங்கக்கடையின் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். போர்த்தடையால் கொழும்பிலிருந்து பற்பசை வராத, கரண்டும் இல்லாத காலம் அது. சண்டிலிப்பாயில் சுண்ணாம்புக்கல்லை மாவாக்கிப் பற்பொடி செய்கிறவராம்.

"மிளகாய் மில்லிலை அரைச்சால் எரியாமல் என்ன செய்யும்?" என்றார் பக்கத்தில் நின்ற அரியாலை லேத் பட்டறைக்காரர். "எண்ணெய்ப் பீப்பாவைப் படுக்கப் போட்டு, உள்ளுக்கை அரைக்கிற குண்டும் கல்லும் போட்டு, தண்ணி இறைக்கிற மெசினாலை சுத்தவேணும். நாளுக்குப் பத்து மூட்டை அரைக்கலாம்."

"இரும்புக் குண்டு தேய்ஞ்சால் மா கறுக்குமே. கறுத்த பற்பொடியை ஆர் வாங்குவினம்?"

"இரும்பு ஆர் போட்டது? கரண்ட் போஸ்டிலை கம்பி கட்டுற வெள்ளைப் போசிலின் பீங்கான் கோப்பையள். ஷெல்லடியிலை விழுந்து கிடந்ததுகளைப் பொறுக்கி உடைச்சனான். மணலோடை மூண்டு நாள் சுத்த, கூழாங்கல்லு மாதிரி உருண்டிட்டுது. பீப்பாவின்ரை உள்பக்கமும் அதுதான் பதிச்சிருக்கு."

பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து விரித்தார்; உள்ளே வெள்ளை மா. சண்டிலிப்பாய்க்காரர் ஒரு சிட்டிகை எடுத்து, முன்பற்களுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தார். இன்னொரு முறையும் கடித்தார்.

"கொஞ்சங்கூட நெருநெருக்கேல்லை."

"பின்னை?"

"அண்ணை, நாளைக்குக் கரண்ட் வந்து, மின்சார சபைக்காரர் கோப்பையள் எங்கையெண்டு கேட்டால்?"

"எங்கடை சனத்தின்ரை பல்லைப் பாக்கச் சொல்லும்."