எடைக்கு எடை வெல்லம்

வாசகரே, சாட்சியாக நின்று கேளுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதி சென்ற பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் வழக்காடினர்.

"ஒன் எடைக்கு எடை வெல்லம் குடுக்கறதா பெருமாளுக்கு வேண்டிக்கினேன்கா. நீ தராசுல குந்தினா போதும்."

"அறிவு கீதாடா? காலேஜுல தெனம் எடை பாத்துத்தான் துன்னதெல்லாம் வாந்தி எடுத்தேன். இப்ப முட்டி வலிக்காக எடைய கொறைக்கச் சொன்ன டாக்டரே, மூணு வேளையும் துன்னு, நம்பர மட்டும் பாக்காதன்னு சொல்லிக்கீறாரு. நீ ஊர் பாக்க தராசுல ஏத்துறியா?"

"நல்லதுக்குத்தானேக்கா..."

"ஒன் நல்லதுல நான் மறுபடியும் பாத்ரூமுல வாந்தி எடுத்துக்கினு கெடப்பேன்!"

வழியில் பூதலப்பட்டு தாண்டியதும் தம்பி எழுந்து நின்றான். கைகூப்பி, பேருந்து முழுவதும் கேட்க வேண்டினான்: "பெருமாளே, தராசுல நானே குந்துறேன். அக்கா எடைய இனிமே நானும் கேக்கமாட்டேன், எவனையும் கேக்க விடமாட்டேன்."